வாசலில் விட்ட சப்பாத்து

"அம்மா, இந்த ஊரில ஏன் ஒருத்தரும் சப்பாத்தை வெளியில கழட்டி வைக்கிறேல்லை?"

ஒஸ்டர்சீலுக்குக் குடிவந்த முதற்கிழமை ஆதிரை கேட்ட கேள்வி அது. முன்பற்கள் விழுந்த ஆறு வயது வாய். பெட்டியிலிருந்து கோப்பைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்த வசுந்தரா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"இதுகளுக்குச் சுத்தம் எண்டால் என்னெண்டு தெரியாது, குஞ்சு. சேத்தோடயே குசினிக்குள்ள போவினம். நாங்கள் அப்பிடியில்லை."

சொன்ன பதில் அவளுக்கே பிடித்திருந்தது. அந்த ஊரைப்பற்றி அவள் வைத்திருந்த எண்ணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

ஜெர்மனியின் வடகடல் கரையில் ஒரு மண் அணை. அணையின்மேல் செம்மறியாடுகள். அணைக்குப் பின்னால், கடலைப் பார்க்கப் பயந்தவைபோல் முதுகைத் திருப்பிக்கொண்டு குந்தியிருக்கும் செங்கல் வீடுகள். ஒரு பாண்கடை. பெருவெள்ளத்தில் தேவாலயம் இரண்டு தடவை அடிபட்டுப் போனதென்றும், ஊர் மக்கள் அதை மறுபடி கட்டினார்களென்றும் ஊர்ச்சங்கம் அணையடியில் ஒரு பலகை எழுதி வைத்திருந்தது. தண்ணீர் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. இவர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. இந்த ஊரின் சரித்திரம் அவ்வளவுதான் என்று வசுந்தரா ஹம்பேர்க்கிலிருக்கும் தங்கை கிருசாந்திக்குப் போனில் சொன்னாள்.

"நல்ல வேலை பார்த்தியள் அக்கா. ஹம்பேர்க்கை விட்டிட்டு ஆட்டோட போய் இருக்கிறியள்."

"ஆடு பரவாயில்லையடி. கண்டால் தலையாவது ஆட்டும். இதுகளுக்கு வணக்கம் சொல்ல 'மொயின்' எண்டு ஒரு சொல்லு. காலமையும் மொயின், பின்னேரமும் மொயின். ஒரு சொல்லோடயே சீவியம் போகுது."

"நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"நான் ஏன் சொல்லுறன்? பாணை வாங்கிக்கொண்டு வந்திடுவன்."

கணவன் யோகேஷுக்குக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. இரண்டு கிழமை கடல், இரண்டு கிழமை வீடு. அதற்காகத்தான் இந்த ஊர். வசுந்தரா வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்தாள்.

வீட்டு வாசலில் ஒரு கற்படி. படியைத் தாண்டினால் ஒரு சின்னக் கண்ணாடி விறாந்தை, அதற்கப்பால் வீட்டுக்கதவு. கதவு நிலைக்கு மேலே வசுந்தரா பிள்ளையார் படம் மாட்டியிருந்தாள். அந்தப் படத்துக்குக் கீழே சப்பாத்து வைப்பதாவது! எல்லாம் வெளிப்படியில்தான். கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால், கால்வாய்க் கரை நெடுகச் சனம் கழற்றிவிட்ட செருப்பு மலைபோல் கிடக்கும். ஒருவரும் காவல் நிற்பதில்லை, ஒன்றும் தொலைவதில்லை. அப்படி வளர்ந்தவள் அவள். அவளுடைய உயர்ந்த குதிக்காலும் சிப்பும் உள்ள கறுப்புச் சப்பாத்தும் ஆதிரையின் மஞ்சள் றப்பர் சப்பாத்தும் படியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

காலையில் அவை படியில் இருப்பதில்லை. விறாந்தைக்குள், பிள்ளையாருக்கு நேர் கீழே, துடைத்துவைத்தபடி இருக்கும்.

முதலில் தன் மறதி என்று நினைத்தாள். பிறகு வாசல்மணியோடு ஒரு கமரா வாங்கிப் பூட்டினாள். அன்று இருட்டுப்படும் மைம்மல் பொழுதில் போன் அதிர்ந்தது. திரையில் பக்கத்து வீட்டு பீலிக்ஸ். பொத்தானை மாறிப் போட்ட மழைக்கோட்டு, சவரம் செய்யாத முகம். வேலை வெட்டி இல்லாத கிழவன். கிட்டப் போனால் பியரும் ஆட்டு மயிரும் மணக்கும். படியில் சிரமப்பட்டுக் குந்தினான். ஆதிரையின் சப்பாத்தை எடுத்தான். சட்டைப்பை லேஞ்சியால் உள்ளும் புறமும் துடைத்தான். விறாந்தைக்குள் வைத்துவிட்டு, அணைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

வசுந்தராவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் பாண்கடையில் சனம் நிற்கும்போதே அவனைப் பிடித்துக்கொண்டாள். ஹம்பேர்க்கில் படித்த, பிசிறில்லாத ஜெர்மன் அவளுடையது.

"என் பிள்ளையின் சப்பாத்தில் நீங்கள் எதற்குக் கை வைக்கிறீர்கள்?"

பீலிக்ஸ் கையிலிருந்த பாண் பையைப் பார்த்தான். "இருட்டினால் வெளியே வைக்காதீர்கள்."

"எங்கள் வாசலில் எதை வைப்பதென்று எங்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை என் படியில் உங்களைக் கண்டால் பொலிசைக் கூப்பிடுவேன். முதலில் போய்க் குளியுங்கள்."

சனம் பாண் தட்டுகளைப் பார்த்தது. கல்லாவில் நின்ற யென்சன் என்ற பெண் மட்டும் பீலிக்ஸைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது.

"சரி," என்றான். அன்றிலிருந்து அவன் வரவில்லை.

முகத்துக்கு நேரே கேட்டால் இப்படியான ஆட்கள் அடங்கிவிடுவார்கள் என்று வசுந்தரா நினைத்தாள்.

அடுத்த காலை சப்பாத்துகள் படியிலேயே இருந்தன. ஆனால் ஆதிரையின் மஞ்சள் சப்பாத்தின் முனை வீட்டுக்கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கழற்றி வைக்கும்போது அது தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். குதிக்கால் பக்கம் நனைந்திருந்தது. இரவு மழை பெய்யவில்லை. விரலை முகர்ந்தாள், அணைக்கு அப்பால் கடல் வற்றிக் கிடக்கும் நேரம் காற்றோடு வரும் அந்தச் சேற்று நாற்றம், அழுகிய பாசியும் இரும்பும் கலந்த நாற்றம், அதற்குள் இருந்தது. கமராவில் யாரும் இல்லை. மைம்மலில் ஒருமுறை அதன் கண்ணாடி பனிப்புகார் பிடித்து வெளிறியது, பிறகு தெளிந்தது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் சப்பாத்துக்குள் மணல். அதற்கடுத்த நாள் ஆதிரை அதைப் போட மறுத்தாள்.

"அது என்ரை இல்லை."

"பின்ன ஆற்றை? விடியக் காலமை கொழுவாதை பிள்ளை, பஸ் வரப்போகுது."

"என்ரை இல்லையம்மா. வேற கால் பழகியிட்டுது."

வசுந்தரா அவளைத் தூக்கிக் கதிரையில் வைத்துக் காலைப் பிடித்தாள். பிடித்த கை தானாக விலகியது. கால் பனிக்கட்டி போல் இருந்தது. நெடுநேரம் தண்ணீருக்குள் கிடந்த விரல்களைப்போல் பாதம் வெளிறிச் சுருங்கியிருந்தது. துவாயால் துடைத்தாள். மறுபடி ஈரம். இன்னொரு துவாய் எடுத்தாள். ஈரம் வெளியிலிருந்து ஒட்டியதல்ல. தோலுக்குள்ளிருந்து மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. பக்கத்துப் பட்டினத்து டொக்டர் காலைப் பார்த்தார், களிம்பு எழுதினார், காலுறை மாற்றச் சொன்னார். வசுந்தரா திருநீறு பூசினாள். அது பாதத்தில் குழம்பாகிச் சேறுபோல் வழிந்தது.

அன்று இருட்டுமுன் சப்பாத்துகளைத் தானே உள்ளே எடுத்து நடையோடைத் தட்டில் வைத்து, விறாந்தைக் கதவையும் வீட்டுக்கதவையும் பூட்டினாள். பிள்ளையாரைப் பார்க்காமல்தான் எடுத்தாள். நவம்பர் மாதம், தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்கே வெளிச்சம் போய்விடும். ஆதிரை குசினியில் படம் கீறிக்கொண்டிருந்தாள். வசுந்தரா பாத்திரம் கழுவிவிட்டு நடையோடைக்குள் வந்தபோது, சப்பாத்துத் தட்டிலிருந்து குசினி வாசல் வரைக்கும் பலகைத் தரையில் சின்னச் சின்னக் கால் தடங்கள் இருந்தன. ஈரமானவை. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. ஆதிரை கதிரையை விட்டு இறங்கவே இல்லை.

அன்றிரவு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை விளக்கெரித்தபடி இருந்தாள்.

காலையில் அவளையும் தூக்கிக்கொண்டு பாண்கடைக்குப் போனாள். யாரும் இல்லாத நேரம். யென்சன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆதிரையின் காலில் சுற்றியிருந்த துவாயையும், அதிலிருந்து தரையில் சொட்டியதையும் பார்த்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

"போட்டுப் பார்த்துவிட்டதா?" என்றாள்.

"எது?"

"எங்கள் ஊர்ப் பலகையில் எல்லா வெள்ளமும் இருக்கும். கப்பல் இராது. அது எங்களுக்கு மரியாதை இல்லை." யென்சன் குரலைத் தாழ்த்தவில்லை, வெறுப்போடு, யாரையோ திட்டுவதைப்போல் பேசினாள். "பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தியது. அமெரிக்காவுக்குச் சனம் ஏற்றிப்போன கப்பல். வெளியே மணல்திட்டில் ஏறி உடைந்தது. எங்கள் ஆட்களிடம் வள்ளம் இருந்தது. ஒருவரும் போகவில்லை. விடியும்வரை அணையில் நின்று கூக்குரலைக் கேட்டார்கள். விடிந்ததும் இறங்கிப்போய்ச் சப்பாத்துகளைக் கழற்றினார்கள். நல்ல தோல். அந்தக் குளிர்காலம் இந்த ஊரில் வெறுங்காலோடு ஒருவரும் நடக்கவில்லை. புதைத்தவர்கள் மட்டும்தான் வெறுங்கால்."

"பிள்ளைகளுமா?"

"பிள்ளைகளின் சப்பாத்துத்தான் முதலில் போனது. இங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்தானே." யென்சன் துணியைப் பிழிந்தாள். "இருட்டுமுன் எடுத்து வைத்தால் ஒன்றுமில்லை. நாய்கூட இங்கே சப்பாத்தை வெளியே இழுக்காது. போட்டுப் பழகிவிட்டால், வீட்டையும் பழகப் பார்க்கும். பிறகு, சப்பாத்துக்குச் சொந்தக்காரருக்கு வீட்டில் இடமிராது."

"இதை நீங்கள் எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே!"

"பீலிக்ஸ் சொன்னான். எங்களுக்கு... நீங்கள் மொயின்கூடச் சொன்னதில்லை."

பணம் வாங்காமல் ஒரு முந்திரிகைப் பாணைக் கடதாசியில் சுற்றிப் பிள்ளையின் கையில் வைத்தாள். வசுந்தரா பிள்ளையை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பைத்தியக்காரச் சனம். பயந்தாங்கொள்ளிச் சனம். வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள்; திட்டுவதை நிறுத்தினால் கால் நடக்காது போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் யோகேஷுக்குப் போன் அடித்தாள். கடலில் தொடர்பு இல்லை. ஹம்பேர்க்குக்குப் போவோம் என்று ஆதிரையைக் காரில் ஏற்றினாள். அணையைத் தாண்டும் சந்தியிலேயே பிள்ளை மூச்சுக்குத் தவித்தாள். வாயிலிருந்து உப்புத்தண்ணீர் வந்தது. காரைத் திருப்பியதும் மூச்சு வந்தது.

மஞ்சள் சப்பாத்தைக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்து மூடினாள். வெளிச்சம் குறையத் தொடங்கியபோது பார்த்தாள். அது நடையோடைக்குள், தட்டில், தன் இடத்தில் நின்றது.

மைம்மல்.

முதலில் காற்று நின்றது. நாள் முழுக்க ஓட்டுக்கூரையில் விசில் அடித்துக்கொண்டிருந்த காற்று, யாரோ கையால் பொத்தியதுபோல் நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது, சுடுநீர்க் குழாயின் டிக்டிக் கேட்டது, அப்புறம் அணைப் பக்கமிருந்து தண்ணீர் வடியும் ஒரு மெல்லிய சலசலப்பு, கடல் அத்தனை தூரத்தில் இருக்கும் நேரத்திலும், வீட்டுச் சுவரோடு ஒட்டியபடி கேட்டது. அந்த நாற்றம் வீட்டுக்கதவின் கடிதத் துவாரத்தால் உள்ளே வந்தது. பாசி. இரும்பு. நெடுங்காலம் ஈரத்தில் கிடந்த கம்பளி.

கற்படியில் ஓர் ஓசை. சப். வெறுங்கால்.

சப்.

பூட்டிய விறாந்தைக்குள். சப்.

நடையோடையில் குந்தியிருந்த வசுந்தராவின் மடியிலிருந்து ஆதிரை நழுவினாள். வசுந்தரா பிடித்தாள். பிள்ளையின் கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. கால்கள் காற்றில் நடந்தன. கதவை நோக்கி.

"ஆதிரை. பிள்ளை. அம்மாவைப் பார். இஞ்ச பார்."

தட்டில் நின்ற மஞ்சள் சப்பாத்து மெதுவாகத் திரும்பியது. ஒன்று. பிறகு மற்றது.

கடிதத் துவாரத்தின் மூடி உயர்ந்தது. வெளிச்சமில்லாத கீறு. அதற்குள் நாலு விரல். சின்னது. வெள்ளை.

வசுந்தராவின் வாயில் தேவாரம் வந்தது. முதல் சொல்லுக்குப் பிறகு வரவில்லை.

அப்போது வெளியே செருமல் கேட்டது. பியர் குடித்த தொண்டையின் செருமல்.

"அது உனக்குச் சின்னது," என்றது பீலிக்ஸின் குரல், ஆடுகளைக் கூப்பிடும் பொறுமையோடு. "கடிக்கும். இதைப் போடு. பெரியதுதான். ஆனால் இப்போதுதான் கழற்றினேன், சூடாயிருக்கும்."

மூடி விழுந்தது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சரக். சரக். தனக்குப் பொருந்தாத பெரிய சப்பாத்தை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு சின்ன நடை, படியிறங்கிப் போனது.

வசுந்தரா போனை எடுத்துத் திரையைப் பார்த்தாள். பீலிக்ஸ் உறைபனி படிந்த ஒழுங்கையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். வலக்கையைச் சற்றுத் தாழ்த்தி, விலக்கிப் பிடித்திருந்தான், ஒரு பிள்ளையை வழிநடத்துபவன்போல். அந்தக் கைக்குக் கீழே யாருமில்லை. அவனுடைய பழுப்புநிறச் சப்பாத்துகள் மட்டும் அவன் பக்கத்தில் நடந்து போயின.

மடியில் ஆதிரை கொட்டாவி விட்டாள். கால்கள் சூடாக இருந்தன.

நன்றி சொல்லப் போகவேண்டும் என்று வசுந்தரா ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. இப்போது அவளும் இருட்டுமுன் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தாள். ஊரில் ஒரேயொரு படியில் மட்டும் சப்பாத்து வெளியே நின்றது. ஒவ்வொரு மைம்மலிலும் பீலிக்ஸின் வீட்டுப் பக்கமிருந்து சரக், சரக் என்று கேட்டது. அவள் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

நத்தார்ப் பண்டிகை கிட்ட வந்தபோது யென்சன் சொன்னாள். "பீலிக்ஸ் எழும்புவதில்லை. கால் காயவே மாட்டேன் என்கிறதாம். பாதம் அழுகத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வண்டி வந்தது; சந்தி தாண்ட மூச்சு நின்றுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள்." பிறகு, பாணை வெட்டியபடி, "ஊர் முழுக்கத் தெரியும். ஒருவரும் போகமாட்டார்கள். அணையில் நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள்தானே நாங்கள்," என்றாள்.

வசுந்தராவுக்கு அந்த நேரம் அந்த ஊரை இகழ ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அவளும் ஒரு மாதமாக அணையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

யோகேஷ் கடலிலிருந்து வந்த அடுத்த நாள், பின்னேரம், ரசம் வைத்தாள். சுடுபோத்தலில் ஊற்றினாள்.

"இந்தக் குளிருக்க எங்க போறீர்?"

"பீலிக்ஸுக்குக் குடுத்திட்டு வாறன்."

"அந்தக் குடிகாரனுக்கோ? நீரோ?" யோகேஷ் சிரித்தான். "சூரியன் எந்தப் பக்கத்தால உதிச்சது?"

"குடிகாரன் எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளைக்குச் சீப்பால தலையை இழுத்துவிடுங்கோ. கதவை உள்ளால பூட்டுங்கோ. நான் கூப்பிட்டாலும் இருட்டினாப் பிறகு திறக்கவேண்டாம்."

"என்ன விசர்க்கதை?"

"சொன்னதைச் செய்யுங்கோப்பா."

வெளியே வந்து கமராவைக் கழற்றி முகம் சுவர்ப்பக்கமாக வைத்தாள். நெற்றியில் கை வைத்து, கண்ணாடிக்குள் மங்கலாகத் தெரிந்த பிள்ளையாரை ஒருமுறை பார்த்தாள்.

பீலிக்ஸின் யன்னலில் வெளிச்சம் குறைவாக இருந்தது. உள்ளே இருமல். ரசப்போத்தலை அவன் விறாந்தைக்குள் வைத்தாள். படியில் குந்தினாள். பழுப்புச் சப்பாத்துகள் தண்ணீரில் கனத்திருந்தன. கவிழ்த்தபோது கருமணல் கொட்டியது. சால்வையால் உள்ளும் புறமும் துடைத்தாள், அவன் துடைத்த மாதிரியே. உள்ளே எடுத்து வைத்தாள். பிறகு தன் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, சூடு ஆறுமுன், அந்தப் படியில் வைத்தாள்.

"இதைப் போடு," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். எந்தப் பாஷையில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நானும் வாறன். நட."

உறைபனி உள்ளங்காலைச் சுட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொந்தச் சப்பாத்தின் ஓசை யாருக்கும் தெரியும். டொக். சரக். டொக். குதிக்கால் உயரம், பழக்கமில்லாத கால் தடுமாறுகிறது. அவள் நடையைக் குறைத்தாள். பின்னால் அதுவும் குறைந்தது. பிறகு பக்கத்தில் வந்தது.

பின்னால், பீலிக்ஸின் இருமல் நின்றது. கட்டிலிலிருந்து ஒருவர் இறங்கும் பலகைச் சத்தம் கேட்டது.

தன் வீட்டுப் படியில், பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். உள்ளே யோகேஷ் தலை இழுக்க, ஆதிரை நோகுது நோகுது என்று கத்திச் சிரித்தாள். வசுந்தராவின் உள்ளங்கால் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருந்தது.

கறுப்புச் சப்பாத்துகள் அவளுக்கு நேரே வந்து, முனையோடு முனை ஒட்டி நின்றன. விளிம்பு வரைக்கும் தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு சின்னக் கணுக்கால்கள், அதற்கு மேலே ஒன்றுமில்லை. இரண்டு சிப்பும் திறந்தே கிடந்தன, ஆனாலும் தண்ணீர் சிந்தவில்லை. அப்படியே நடந்தால் விழுந்துவிடும்.

வசுந்தரா குனிந்தாள். ஆதிரைக்குச் செய்வதைப்போல், முதற்காலை ஒரு கையால் குதிக்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சிப்பை மெல்ல மேலே இழுத்தாள்.

உள்ளே இருந்தது அசையாமல் நின்று, மற்றக் காலையும் நீட்டியது.